செவி உண்டு, வாய் இல்லை

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

பழுது என்றால் பொறி நின்றுவிடும் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். மின்விசிறி சுற்றாது, விளக்கு எரியாது, பேருந்து நகராது. அத்தகைய பழுதில் ஐயத்துக்கு இடமில்லை. பாதி மட்டும் பழுதாகும் பொறிகள்தாம் மனிதனை ஆட்டிவைக்கின்றன. தொலைபேசியில் சில வேளை எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும். நாம் பேசுவது அவருக்கு எட்டாது. அவர் 'ஹலோ, ஹலோ' என்பார். நாம் 'கேக்குது, சொல்லுங்க' என்று கத்துவோம். தெருவே திரும்பிப் பார்க்கும். அவர் ஒருவருக்கு மட்டும் கேட்காது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறோம் என்று கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார்.

2024ஆம் ஆண்டு ஆயுத பூசை விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, நம் துறை ஆய்வகத்துச் சர்வருக்கு இந்த நிலை நேர்ந்தது. பிறர் பேசுவதெல்லாம் அதற்குக் கேட்டது. அது பேசியது எவருக்கும் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் அந்த அறையை அறியாதவர் நம் கல்லூரியில் இரார். மேசைகளில் நாற்பது கணிப்பொறிகள். மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே சர்வர். எந்த மேசையில் அமர்ந்து எழுதினாலும் நம் நிரல்கள் யாவும் அந்தச் சர்வரில்தான் போய்த் தங்குகின்றன. மூன்று வகுப்பு மாணவர்களின் ஓராண்டு உழைப்பு அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்றால் மிகையாகாது. நாற்பது பொறிகளுக்கும் அதற்கும் இடையே உள்ள ஒரே வாசல், உள்ளங்கை அகலமுள்ள ஒரு நெட்வொர்க் கார்டு. மதர்போர்டோடு சேர்ந்து வந்த இணைப்பு சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இடியில் போய்விட்டதால், தனியே வாங்கிச் செருகப்பட்ட அட்டை அது.

அடுத்த திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் வருகிறார். எங்கள் பதிவு நிரல்கள் அத்தனையும் சர்வரில்.

அன்று முதல் பாடவேளையில் முதலாண்டு மாணவர் பன்னிரண்டு பேர் அமர்ந்தனர். ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பாடவேளையில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் ஒருசேர அமர்ந்து கோப்புகளைத் திறந்தோம். ஐந்தாறு நிமிடங்களில் திரைகள் உறைந்தன. சற்று நேரத்தில் தாமே உயிர் பெற்றன, மீண்டும் உறைந்தன. மூச்சுத் திணறும் மனிதர் இரண்டு சொல் பேசி நிறுத்துவதுபோல் இருந்தது அது. மதியத்துக்குள் முற்றிலும் ஓய்ந்துபோயிற்று.

ஆய்வகத்தில் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். காலையில் கதவைத் திறப்பவரும், மாலையில் மின்விசைகளை எண்ணி அணைப்பவரும் அவரே. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து தொகுப்பூதியம். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் வேலை. வியாழனன்று மாலை பூசைக்காகப் பொறிகளையெல்லாம் நிறுத்தி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டவர் அவர்தாம். சர்வருக்கும் ஒரு பொட்டு வைத்தார். மாலையிட இடமில்லாததால் அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூவை வைத்தார்.

'துடைக்கும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கும்' என்ற சொல் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. மதிய உணவு இடைவேளைக்குள் அது எல்லார் வாயிலும் இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு கணக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூசைக்கு முன் அட்டை நன்றாக இருந்தது. பூசைக்குப் பின் பழுதாயிற்று. இடையில் அந்தப் பெட்டியைத் தொட்டது ஒரே ஒரு கை. அளவையியல் படித்த எவரும் இந்தக் கணக்கில் சட்டென்று குறை கண்டுவிட முடியாது.

அரசு சொத்துக்குச் சேதம் என்றால் எழுத்தில் விளக்கம் கேட்பது முறை. துறைத்தலைவர் அவர்களும் முறைப்படி விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. மாலையில் அண்ணாச்சி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நா துணிய நல்லா பிழிஞ்சுதாம்மா தொடச்சேன். பெட்டிக்குள்ள ஒரு சொட்டுப் போவல. நீதான் பக்கத்துல நின்னேல்லா?"

"நின்னேன் அண்ணாச்சி."

"அந்தக் கார்டு என்ன விலை ஆவும்?"

ஆயிரத்துச் சொச்சம் ஆகும் என்றேன்.

"நானே வாங்கிக் குடுத்துருதேன். பேச்சு முடிஞ்சிரும்லா."

பேச்சு முடிந்துவிடும் என்பது உண்மை. எப்படி முடியும் என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவர் பணம் கொடுத்தால் அது ஒப்புதலாகப் பதிவாகிவிடும். அதைவிடப் பெரிய இடர் ஒன்று இருந்தது. துறைச் செலவில் வேறொரு நிறுவனத்தின் அட்டை ஒன்று வாங்கச் சொல்லி ஏற்கெனவே ஆள் அனுப்பியாயிற்று. அதைச் செருகியதும் சர்வர் பேசத் தொடங்கிவிட்டால், 'பார்த்தீர்களா, பழைய அட்டைதான் நனைந்திருக்கிறது' என்று எல்லாரும் உறுதி செய்துகொள்வார்கள். நோயும் தீரும், தவறான காரணமும் நிலைத்துவிடும். பழுது நீங்கிய பொறியில் பழுதின் காரணத்தைப் பிறகு யார் தேடப் போகிறார்கள்?

நானும் என் தோழியர் இருவரும் துறைத்தலைவரிடம் சென்று, புதிய அட்டையைச் செருகுமுன் புதன் மாலை வரை எங்களுக்குத் தவணை தர வேண்டினோம். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "தேர்வு நின்றால் பதில் சொல்ல வேண்டியவன் நான். புதன் மாலை ஐந்து மணி. ஒரு நிமிடம் கூடுதலாகாது" என்றார். எங்கள் கௌரவ விரிவுரையாளர் அம்மா துணைக்கு வந்தார். ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்து, "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றுவதற்கு முன் எழுது, மாற்றிய பின் எழுது" என்றார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

முதலில் விளக்கு. அட்டையின் பின்புறத்தில் கம்பி செருகும் துளையருகே இரண்டு சிறு விளக்குகள் உண்டு. ஒன்று நிலையாக எரியும், மற்றொன்று மினுக்கும். இரண்டும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. 'விளக்கு எரிகிறதே, அட்டை நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஒரு சாரார். 'விளக்கு எரிந்தும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே ஈரம்தான்' என்று மறு சாரார். விளக்கு ஒன்றே, வாதம் இரண்டு! நிலையாக எரியும் விளக்குச் சொல்வது, மறுமுனையில் ஒரு பொறி மின்னிணைப்பில் இருக்கிறது என்பதை மட்டுமே. மினுக்கும் விளக்குச் செய்தி வந்தாலும் மினுக்கும், போனாலும் மினுக்கும். அது எதற்காக மினுக்குகிறது என்று அதனிடம் கேட்க முடியாது.

கேட்கக்கூடிய இடம் வேறு. ஒவ்வொரு அட்டையும் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறது. வந்த பாக்கெட்டுகள் எத்தனை, போன பாக்கெட்டுகள் எத்தனை. பாக்கெட் என்பதைப் பொட்டலம் என்றே சொல்லலாம். மளிகைக் கடைப் பொட்டலம்போலத்தான் செய்தியும் சிறு சிறு அளவாக மடித்து, மேலே முகவரி எழுதி அனுப்பப்படுகிறது. பத்து வினாடிக்கு ஒருமுறை இரண்டு எண்களையும் நோட்டில் எழுதினோம். வந்தவை ஏறிக்கொண்டே இருந்தன. போனவை ஒரே எண்ணில் நின்றன. அந்தப் பக்கத்தைப் பார்த்த விரிவுரையாளர் அம்மா, "சரி, காது இருக்கிறது. வாய் இல்லை. இனிமேல் கம்பியைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். கம்பியை மாற்றியும், ஸ்விட்சில் துளையை மாற்றியும் பார்த்து முன்னமே நோட்டில் குறித்திருந்தோம். பயனில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. பொறிக்குள் போகிற வருகிற பொட்டலங்களை வாசலில் நின்று பார்த்து எழுதிக்கொள்ளும் நிரல் ஒன்று உண்டு. டிசிபிடம்ப் என்று பெயர். அதைச் சர்வரில் ஓடவிட்டோம். மேசைப் பொறிகள் 'இந்த முகவரிக்கு உரியவர் யார்?' என்று கேட்பது தெரிந்தது. 'நானே' என்று சர்வர் பதில் சொல்வதும் திரையில் தெரிந்தது! அதே நிரலை ஒரு மேசைப் பொறியில் ஓடவிட்டபோது கேள்வி மட்டும் இருந்தது, பதில் இல்லை. காரணம் பிறகு விளங்கியது. பொட்டலத்தை அட்டையிடம் ஒப்படைக்கும் வாயிலில் நின்றுதான் அந்த நிரல் குறிப்பெடுக்கிறது. ஒப்படைத்த பொட்டலம் கம்பியில் ஏறியதா என்பது அதற்குத் தெரியாது. சர்வரைப் பொறுத்தவரை அது பேசிவிட்டது. தொலைபேசியில் 'கேக்குது, சொல்லுங்க' என்று கத்தியவரின் கதைதான்.

பேசுவதற்கு முன் கேட்பது என்பது இந்த ஈத்தர்நெட் முறையின் பிறவிக் குணம். 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் என்னும் இளைஞர் எழுதிய ஒரு குறிப்பில் அந்தப் பெயர் பிறந்தது. ஹவாய்த் தீவுகளில் வானொலி அலை வழியே கணிப்பொறிகளை இணைத்த அலோஹா முறையிலிருந்து கருத்தைப் பெற்றார் அவர். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1976இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். முதல் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். அன்று எல்லாப் பொறிகளும் ஒரே கம்பியில் தொங்கின. எவரும் பேசாத நேரம் பார்த்துப் பேச வேண்டும். இருவர் ஒருசேரப் பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு கால அளவு பொறுத்து மீண்டும் தொடங்க வேண்டும். பின்னால் வகுத்த விதிப்படி பதினாறு முறை முயன்றும் இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பொட்டலத்தைக் கைவிட வேண்டும். நம் மாணவர் மன்றக் கூட்டங்களுக்கு இந்த விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இன்றைய ஸ்விட்சில் ஒவ்வொரு பொறிக்கும் தனிக் கம்பி. போவதற்கு ஒரு வழி, வருவதற்கு ஒரு வழி. மோதலுக்கு இடமில்லை.

ஆனால் 1997இல் இந்த விதிகளோடு இன்னொரு மரியாதையும் சேர்க்கப்பட்டது. கேட்பவரால் தாங்க முடியவில்லை என்றால் 'சற்றுப் பொறு' என்று சொல்லும் சிறு பொட்டலம் ஒன்றை அனுப்பலாம். அதைப் பெற்ற அட்டை உடனே வாய் மூடும். ஒரு முறை சொன்னது, கிகாபிட் வேகத்தில், அதிகம் போனால் 33 மில்லிவினாடிக்குச் செல்லும். பழுதான பொறியொன்று ஓயாமல் 'பொறு, பொறு' என்று சொல்லிக்கொண்டிருந்தால், நல்ல அட்டை பணிவின் காரணமாகவே ஊமையாகிவிடும். எங்கள் சர்வருக்கும் இதுவோ என்று செவ்வாய் முழுவதும் ஆசையோடு தேடினோம். அப்படியானால் அண்ணாச்சி மேல் பழி இல்லை. அட்டை மேலும் பழி இல்லை. கணக்கைப் பார்த்தபோது 'பொறு' என்ற பொட்டலம் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. அழகான காரணம், எங்கள் காரணம் இல்லை. நோட்டில் அடித்துவிட்டோம்.

அன்று மாலை எங்களுக்குப் பாதகமான ஒன்று நடந்தது. அட்டையைக் கழற்றி ஒரு மேசைப் பொறியில் செருகிப் பார்த்தோம். செருகும் பற்களில் துருவோ கறையோ இல்லை. தூசிகூட அண்ணாச்சியின் தயவால் குறைவுதான். அந்தப் பொறியில் அட்டை நன்றாகப் பேசியது. 'அப்படியானால் அட்டை நல்லது. சர்வரின் துளையில்தான் ஈரம்' என்று பேச்சுத் திசை மாறியது. புதிய அட்டையும் அன்று வந்து மேசைமேல் உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியை வெளியே கொடியில் போட்டுவிட்டு, வழக்கம்போல் விசைகளை எண்ணி அணைத்தார்.

புதன் காலை விரிவுரையாளர் அம்மா கேட்ட ஒரு கேள்வி வழியைத் திறந்தது. "மேசைப் பொறியில் அட்டையை எதைக் கொண்டு சோதித்தீர்கள்?" பிங் கொண்டு சோதித்தோம் என்றோம். பிங் என்பது 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சிறு நிரல். 'இருக்கிறாயா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று பதில் வரும். அவ்வளவே. "சிறு சொல்லைப் பேசக்கூடியது பெருஞ்சொல்லைப் பேசுமா என்று பார்த்தீர்களா? திங்களன்று பன்னிரண்டு பேர் இருந்தபோது திணறாமல், முப்பத்தெட்டுப் பேர் இருந்தபோது ஏன் திணறியது? ஈரத்துக்கு மாணவர் எண்ணிக்கை தெரியுமா?"

அட்டையை மீண்டும் சர்வரில் செருகினோம். துறைத்தலைவரின் இசைவோடு, பத்து மேசைப் பொறிகளிலிருந்து ஒரு பெரிய கோப்பை ஒரே நேரத்தில் இறக்கினோம். நான்கு நிமிடத்தில் அட்டை ஊமையாயிற்று. இம்முறை லினக்ஸ் கெர்னலின் நாட்குறிப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். அனுப்பு வரிசை கெடு கடந்துவிட்டது, அட்டையை மறுபடி தொடங்குகிறேன் என்று அதில் ஒரு வரி விழுந்தது. அதன் கீழே தலை 41, வால் 97 என்று இரண்டு எண்கள்.

இந்தத் தலையும் வாலும் எவை? சர்வரின் நினைவகத்தில் 256 அறைகள் கொண்ட ஒரு வட்டத் தட்டு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் டிரைவர் எனப்படும் நிரல் (பேருந்து ஓட்டுநரோடு இதற்கு உறவில்லை) பொட்டலங்களை வரிசையாக ஒவ்வோர் அறையிலும் வைத்துக்கொண்டே போகிறது. எதுவரை வைத்தது என்பதைக் காட்டுவது வால். மறுபக்கம் அட்டை ஒவ்வோர் அறையாக எடுத்துக் கம்பியில் அனுப்பிக்கொண்டே வருகிறது. எதுவரை எடுத்தது என்பதைக் காட்டுவது தலை. நல்ல நாளில் இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் தட்டில் வால் 97ஆம் அறைக்குப் போய்விட்டது; தலை 41இல் உட்கார்ந்துவிட்டது. ஐம்பத்தாறு அறைகளில் பொட்டலம் காத்திருக்க, எடுக்க வேண்டிய கை அசையவில்லை. ஐந்து வினாடிக்கு மேல் இப்படி நின்றால் கெர்னலின் காவல் நிரல் அட்டையைத் தட்டியெழுப்பும். திங்களன்று திரைகள் உறைந்து உயிர்த்து உறைந்ததன் பொருள் அதுதான்.

41ஆம் அறையில் அப்படி என்ன இருந்தது? மூன்று முறை நிறுத்திப் பார்த்தோம். எண் மாறியது, பொருள் மாறவில்லை. மூன்று முறையும் பெரிய மூட்டை. ஈத்தர்நெட் கம்பியில் ஒரு பொட்டலம் சுமக்கக்கூடியது 1500 பைட். ஆனால் அவ்வளவு சிறிதாக நறுக்கும் வேலையைக் கெர்னல் எப்போதும் தானே செய்வதில்லை. 64 கிலோபைட் வரையுள்ள மூட்டையை அப்படியே அட்டையிடம் தூக்கிக் கொடுத்து, 'நீயே நறுக்கி அனுப்பு' என்று சொல்லிவிடும். டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோடு என்று இதற்குப் பெயர். எங்கள் அட்டைக்கு அந்த நறுக்கு வேலையில்தான் கை மரத்துப்போயிற்று. பிங் ஒரு சிட்டிகைப் பொட்டலம். அதற்கு நறுக்கு வேலையே இல்லை. மேசைப் பொறியில் அட்டை நல்ல பெயர் வாங்கியது அதனால்தான்.

எத்டூல் என்னும் கருவியால் அந்த நறுக்கு வேலையை அட்டையிடமிருந்து எடுத்துக் கெர்னலிடமே கொடுத்தோம். ஒரு வரிக் கட்டளை. பத்துப் பொறிகளிலும் கோப்பு இறங்கத் தொடங்கியது. நான்கு நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. அட்டை பேசிக்கொண்டே இருந்தது. கெர்னலுக்கு நறுக்கும் சுமை கூடியது. நாற்பது பொறி கொண்ட ஆய்வகத்தில் அது ஒரு சுமையாகவே தெரியவில்லை.

தோழியர் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. இந்த நறுக்கு வேலையைப் பூசைக்கு முன்பும் அட்டைதானே செய்துகொண்டிருந்தது? அன்று மரக்காத கை இன்று ஏன் மரத்தது? 'தண்ணீர் பட்டதால்' என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் இருக்கிறது? துறைத்தலைவரும் இதையே கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

சர்வர் கடைசியாக எப்போது நிறுத்தப்பட்டது என்ற பதிவை எடுத்தோம். வியாழன் மாலை பூசைக்கு நிறுத்தியதற்கு முன், மே மாதம் ஒரு முறை. இடையில் ஐந்து மாதம் அது கண் மூடவே இல்லை. மென்பொருள் நிறுவிய பதிவை எடுத்தோம். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவு, தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகப் புதிய கெர்னல் ஒன்று வந்து இறங்கியிருந்தது. புதிய கெர்னலோடு அட்டைக்கான டிரைவரும் புதிது. ஆனால் கெர்னல் என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது மாறிக்கொள்வதில்லை. பொறியை நிறுத்தித் தொடங்கும்போதுதான் புதியது அரியணை ஏறும். ஆகஸ்டிலிருந்து அது வட்டில் படுத்துக் காத்திருந்தது. அண்ணாச்சி பூசைக்காகச் சர்வரை நிறுத்தினார், திங்களன்று விசையைப் போட்டார், புதியது எழுந்தது. பூசைக்கு முன், பூசைக்குப் பின் என்ற அந்தக் கணக்குச் சரியானதே. இடையில் தொட்டது ஒரு கை மட்டும் என்பதுதான் சரியில்லை.

மெய்ப்பிக்க வழி இருந்தது. பழைய கெர்னலும் வட்டில் அழியாமல் இருக்கிறது. தொடங்கும்போது பட்டியலில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். மணி மூன்றரை. பழையதைத் தேர்ந்து, நறுக்கு வேலையை அட்டையிடமே விட்டு, பத்துப் பொறிகளிலும் கோப்பை இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதே அட்டை, அதே துளை, அதே கம்பி, அதே பெட்டி. ஈரம் இருந்தால் அதே ஈரம்.

அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பில் விரிவுரையாளர் அம்மா ஒரு செய்தி சொன்னார். 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிறிஸ்டியன் கீல்ஹாஃப்னர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட ஆய்வு அது. இணையத் தொலைபேசிக்கான பொறிகளில் இருந்த இன்டெல் 82574எல் என்ற நெட்வொர்க் சில்லு திடீர் திடீரென்று செத்துப்போயிற்று. மறுதொடக்கம் பயன்படவில்லை, மின்சாரத்தையே துண்டித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர், ஒரு பொட்டலத்தில் 1151 என்ற இடத்திலுள்ள பைட்டில் '2' என்ற எழுத்து வந்தால் சில்லு மடிகிறது என்று கண்டார்! ஓர் எழுத்து! இன்டெல் நிறுவனம் ஆராய்ந்து, சில்லு பழுதன்று, ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் அதன் அமைப்பு நினைவகத்தில் தவறாக எழுதியதே காரணம் என்றது. "அவர் மட்டும் அன்றைக்குப் பெட்டியையே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால்?" என்றார் அம்மா. நான் மேசைமேல் இருந்த புதிய அட்டையின் பெட்டியைப் பார்த்தேன்.

நாலரை மணி. பழைய கெர்னலில் அட்டை ஒரு முறைகூட நிற்கவில்லை. துறைத்தலைவரை அழைத்தோம். அவர் முன்னிலையில் புதிய கெர்னலைத் தொடங்கினோம். மூன்றாம் நிமிடத்தில் ஊமை. நறுக்கு வேலையை எடுத்தோம், பேசியது. திரும்பக் கொடுத்தோம், ஊமை. மீண்டும் எடுத்தோம், பேசியது. பழுதைப் போக்குவதைக் காட்டிலும், வேண்டும்போது பழுதை வரவழைத்துக் காட்டியதே அவருக்கு நிறைவளித்தது என்று நினைக்கிறேன். இயற்பியல் படித்தவர் அவர். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அடித்த வரிகளையும் படித்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "அந்தத் தாளைக் கொடுங்க" என்று கை நீட்டினார்.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் அவர் விளக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துறைத்தலைவர் அதன் குறுக்கே ஏதோ எழுதிக் கையொப்பமிட்டுக் கோப்பில் வைக்கச் சொன்னார். பிறகு, "அண்ணாச்சி, அடுத்த வருஷமும் நீங்கதான் துடைக்கணும்" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "அப்ப அது குங்குமத்தாலயும் இல்லேல்லாம்மா?" என்று மெல்லக் கேட்டார். அந்த ஐயம் அவருக்கு மூன்று நாளாக இருந்திருக்கிறது. இல்லை என்றேன்.

எத்டூல் கட்டளை பொறியை நிறுத்தினால் மறந்துபோகும். ஆகையால் தொடங்கும்போதே தானாக நடக்கும்படி அதை எழுதிவைத்தோம். அண்ணாச்சி அது போதாது என்று சொல்லி, ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். 'இந்தப் பெட்டியை நிறுத்தித் தொடங்கியபின், போன பொட்டலக் கணக்கு ஏறுகிறதா என்று முதலில் பார்க்கவும்' என்று எழுதி, தேதியிட்டுக் கொடுத்தேன். கண்ணாடித் தடுப்பின் உட்புறம், காய்ந்த சந்தனப் பொட்டுக்கு நேர்மேலே ஒட்டினார்.

செய்முறைத் தேர்வு குறித்த நாளில் நடந்தது. புதிய அட்டை பிரிக்கப்படாமல் துறை அலுவலக பீரோவில், இருப்புப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு இருக்கிறது.